அவரும் அவளும் – கடிதம்

ஐயா, வணக்கம்.

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. தேர்தல் நேரம் என்பதால் நான் இருக்கும் வாட்ஸப் குழு முழுக்க வேட்பாளர்களைப் பற்றித்தான் பேச்சு. நான் ஆதரிக்கும் வேட்பாளர் ஒரு பெண். அவர் பொதுவாழ்வுக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அவர் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்று குழுவில் ஒருவரும் பேசுவதில்லை. ஏன் திருமணம் செய்துகொள்ளவில்லை, யாருடைய தயவில் இந்த இடத்தைப் பிடித்தார் என்றே போகிறது பேச்சு. நேற்று அவர் படத்தை வெட்டி ஒட்டிக் கேவலமாக ஒன்றைப் போட்டார்கள். பொறுக்க முடியாமல் நான் கொஞ்சம் காட்டமாக எழுதிவிட்டேன். உடனே குழு நிர்வாகி என் பெயரைக் குறிப்பிட்டு, ‘நாகரிகமாகப் பேசவும்’ என்றார். படம் போட்டவரை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதவில்லையாம்.

‘போன தேர்தலில் எங்கள் பெண் வேட்பாளரை நீங்கள் மட்டும் விட்டுவைத்தீர்களா?’ என்றும் கேட்டார்கள். அது வேறு விஷயம் ஐயா. அவள் மேடையில் நின்று கூசாமல் பொய் சொன்னாள், அதைத்தான் நாங்கள் கேட்டோம்.

இந்தக் குழுவை விட்டு வெளியேறிவிடலாமா? நாகரிகமாக எடுத்துச் சொன்னால் இவர்கள் திருந்துவார்களா? ஒரு பெண் வேட்பாளரை விமர்சித்தாலே பெண் வெறுப்பு என்கிறார்களே, அது சரியா? இதற்கெல்லாம் கடுமையான சட்டம் கொண்டுவந்தால் என்ன?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

காட்டமாக எழுதியதற்காக வருந்தாதீர்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருவருக்கும் கோபம் வரவில்லை, உங்களுக்கு மட்டும் வந்திருக்கிறது என்றால் அந்தக் குழுவில் அன்றைக்கு உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான். ஒரு நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தனியாக நின்று ‘இது தப்பு’ என்று தட்டச்சு செய்வது எவ்வளவு கை நடுங்கும் வேலை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் நிர்வாகி சொன்ன ‘நாகரிகம்’ என்ற சொல்லைத்தான் நான் சில நாட்களாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. கெட்ட வார்த்தை இல்லாவிட்டால் நாகரிகம் என்று நம்மில் பலர் உண்மையாகவே நம்புகிறோம். ஆஸ்திரேலியாவில் அரசியல் தலைவர் ஜூலியா கில்லார்டைப் பற்றி 2007இல் ஒரு செனட்டர் பேசினார். வேண்டுமென்றே பிள்ளை பெறாமல் இருப்பவருக்கு வாழ்க்கையைப் பற்றி என்ன தெரியும், அவர் தலைமைக்குத் தகுதியில்லாதவர் என்பது அவருடைய வாதம். 2017இல் நியூசிலாந்தில் ஜெசிந்தா ஆர்டெர்ன் கட்சித் தலைவரான சில மணி நேரத்திலேயே தொலைக்காட்சியில் அவரிடம் கேட்கப்பட்டது, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று. ஒருவருக்குக் குழந்தை இல்லாதது குற்றம், இன்னொருவருக்கு இனிமேல் பிறக்கக்கூடும் என்பது குற்றம். இரண்டையும் அச்சில் போடலாம், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம், ஒரு வசவும் கிடையாது. கில்லார்ட் பிறகு பிரதமராகி, 2012 அக்டோபர் 9 அன்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று எதிர்க்கட்சித் தலைவரைப் பார்த்துப் பெண் வெறுப்பைப் பற்றி நேருக்கு நேர் பேசினாரே, அந்தப் பேச்சு உலகம் முழுக்கப் போனது. அப்போதும் ‘இவ்வளவு கோபம் ஒரு பிரதமருக்கு அழகா’ என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கோபத்தை உண்டாக்கியவரை விட்டுவிட்டுக் கோபப்பட்டவரிடம் போய் நாகரிகம் கேட்பது உங்கள் குழு நிர்வாகி கண்டுபிடித்தது இல்லை.

சட்டம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விமர்சனம் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு இவற்றோடு நிற்கவேண்டும், பொதுவாழ்வோடு தொடர்பில்லாத தனிவாழ்க்கையைத் தொடக்கூடாது என்று இந்தியத் தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகளில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். கட்சிகளுக்கும் வேட்பாளர்களுக்கும் உள்ள விதி அது. வாசித்துப் பாருங்கள், மிக நல்ல வாக்கியங்கள். அதற்கு மேல் சட்டம் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் ஒரு சிலர்தான் செய்கிறார்கள் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் 95 இந்தியப் பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட ட்விட்டர் பதிவுகளை அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்தது. ஏறத்தாழ ஏழில் ஒன்று வசவாகவோ அதற்குப் பக்கத்திலோ இருந்தது. நாடாளுமன்றங்களின் சர்வதேச ஒன்றியம் 2016இல் 39 நாடுகளைச் சேர்ந்த 55 பெண் உறுப்பினர்களிடம் பேசியபோது அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேலானோர் கொலை, பாலியல் வல்லுறவு, அடி, கடத்தல் என்று ஏதோ ஒரு மிரட்டலைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, இப்போது உங்களைத் திட்டப்போகிறேன்.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை வாசியுங்கள். ‘அவர் பொதுவாழ்வுக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பத்தி தாண்டியதும் ‘அவள் மேடையில் நின்று கூசாமல் பொய் சொன்னாள்’ என்கிறீர்கள். இரண்டு பெண்கள், இருவரும் வேட்பாளர்கள். உங்களுக்குப் பிடித்தவர் அவர், பிடிக்காதவர் அவள். உங்கள் கடிதத்தில் வரும் ஆண்களைப் பாருங்கள். நிர்வாகி உங்களை அவமானப்படுத்தினார், அவருக்கு ‘என்றார்’. அந்தப் படத்தைப் போட்ட ஆளுக்குக்கூட ‘எழுதவில்லையாம்’ என்று நிறுத்தி, முன்னால் மறக்காமல் ஒரு ‘அவர்’ வைத்திருக்கிறீர்கள். கடிதம் முழுவதிலும் மரியாதை பறிபோனவர் ஒரே ஒரு ஆள்தான், அது ஒரு பெண், அதைப் பறித்தது நீங்கள். இது விகுதிதானே என்று தள்ளிவிட்டுப் போகாதீர்கள். எனக்கு இதில் பிடிவாதம் உண்டு, அது எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

இருபத்தைந்து வயதில் ஒரு வார இதழில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு தேர்தலில் எதிரெதிராக நின்ற இரண்டு வேட்பாளர்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். ஒருவர் ஆண், ஒருவர் பெண். இருவர் மேலும் எனக்குச் சமமான கோபம் இருந்தது, சமமாகவே கிழித்திருந்தேன், அப்படித்தான் நினைத்தேன். அங்கே மெய்ப்புப் பார்க்க ஓர் அம்மையார் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அதிகம் பேசமாட்டார். என் கட்டுரையின் அச்சுப்படி திரும்பி வந்தபோது பிழை ஒன்றும் இல்லாத ஏழு இடங்களில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். சொன்னாள், சிரித்தாள், மழுப்பினாள் என்று ஏழு வினைமுற்றுகள். ஆண் வேட்பாளருக்கு நான் எழுதியிருந்தது சொன்னார், சிரித்தார், மழுப்பினார்.

எழுதுகிற வேகத்தில் வந்தது, நடைக்கு அதுதான் பொருந்துகிறது, மாற்றினால் காரம் போய்விடும் என்று நான் அரைமணி நேரம் வாதாடினேன். அவர் கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: “தம்பி, உங்களுக்கு ரெண்டு பேர் மேலயும் கோபம் இருக்கு. அவர் மேல இருக்கிற கோபம் அவர் செஞ்ச காரியத்தோட நின்னுடுச்சு. இந்தம்மா மேல இருக்கிற கோபம் வினைமுற்று வரைக்கும் போயிருக்கு.” ஆசிரியர் என் பக்கம் நின்றார். கட்டுரை நான் எழுதியபடியே அச்சானது. அடுத்த வாரம் வாசகர் கடிதங்களில் ஒன்று, என்னைப் பாராட்டி. ‘நீங்கள் தைரியமாக அவளை அவள் என்றே எழுதினீர்கள், நான் மிச்சத்தையும் எழுதுகிறேன்’ என்று தொடங்கி அந்த மனிதர் எழுதியிருந்ததை இங்கே சொல்ல முடியாது. அந்தக் கடிதத்தைப் பிரித்து முதலில் வாசித்தவர் அந்த அம்மையார்தான். ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது, இத்தனை வருடமாக யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ‘அவர்’ என்ற சொல்லில் ஆண் பெண் கிடையாது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கத்தில் வந்த உயர்சொல், இலக்கணத்தின் நெறி அல்ல என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. அதாவது இலக்கணம் கேட்காமலேயே, மனிதர்கள் தாமாக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட மரியாதை அது. அந்த மரியாதைக்குள் நிற்கும்வரை ஒருவர் ஆணா பெண்ணா என்று வினைமுற்று கேட்பதே இல்லை. வந்தார், பேசினார், வென்றார், அவ்வளவுதான். மரியாதையை உருவிய அடுத்த நொடி அவர் பெண் ஆகிவிடுகிறார். அதுவரை வேட்பாளராக இருந்தவர், ஓர் ‘ஆள்’ விகுதி விழுந்ததும் வெறும் பெண்ணாக எல்லோர் முன்னாலும் நிற்கிறார். பெண்ணாக நிறுத்திய பிறகு அவர் போட்ட கையெழுத்தையா கேட்பார்கள், புடவையைக் கேட்பார்கள்.

ஆண்களையும் ‘அவன்’ என்று திட்டுகிறார்களே என்று நீங்கள் சொல்லலாம். திட்டுகிறார்கள். ‘அவன்’ என்பதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். திருடன், பொய்யன், கோழை, துரோகி என்று வரும், எல்லாம் அவர் செய்ததாகச் சொல்லப்படும் காரியத்தின் பெயர்கள். ‘அவள்’ என்பதற்குப் பின்னால் உடம்பு வரும், கல்யாணம் வரும், யாரோடு போனாள் என்பது வரும். ஓர் ஆணை அதைவிடக் கேவலமாகத் திட்டவேண்டும் என்று தோன்றிவிட்டால் அவனை விட்டுவிட்டு அவன் தாயிடம் போவார்கள், மனைவியிடம் போவார்கள். தேர்தலில் நிற்காத, ஒரு மேடையிலும் ஏறாத ஒரு பெண் அங்கேயும் வந்து அடி வாங்கவேண்டும்.

அம்மாவையும் அவள் என்கிறோம், சாமியையும் அவள் என்கிறோம், அதில் அன்பில்லையா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். இருக்கிறது, வீட்டில். உங்கள் வேட்பாளர் உங்கள் அம்மா இல்லை. சாமியும் இல்லை. இந்திரா காந்தியை முதலில் ‘ஊமைப் பொம்மை’ என்றார் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா. சில வருடங்களில் ஒரு போர் முடிந்ததும் அவரைத் துர்கை என்றார்கள். ‘அமைச்சரவையில் இருக்கும் ஒரே ஆண்’ என்ற பாராட்டு அவருக்கும் உண்டு, இஸ்ரேலின் பிரதமராக இருந்த கோல்டா மேயருக்கும் உண்டு. பொம்மை, தெய்வம், ஆண். ஒரு பெண் பிரதமராக இருக்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்த ஒருவருக்கும் மனம் வரவில்லை.

விமர்சிக்கலாமா என்ற கேள்விக்கு இவ்வளவு யோசனை தேவையே இல்லை. தாராளமாக விமர்சியுங்கள். பிரிட்டன் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரை நாள் முழுக்க விமர்சிக்கலாம், சுரங்கத் தொழிலாளர்களை எதிர்கொண்ட விதத்தை எடுத்துக்கொண்டாலே போதும், ஒரு புத்தகம் எழுதலாம். ஆனால் அவர் தன் குரலின் சுருதியைத் தாழ்த்தப் பயிற்சி எடுத்துக்கொண்டவர் என்பதையும் மறக்காதீர்கள். நாட்டை ஆள வந்த ஒருவர், பேசுவதற்கு முன்னால் குரலைத் தணிக்கவேண்டியிருந்தது, கீச்சுக்குரல் என்று சொல்லிவிடுவார்களே என்பதற்காக. அவரை முழுமூச்சாக எதிர்ப்பவன் நான், அதைப் படித்த அன்று எனக்கு வலித்தது.

‘பொய் சொன்னார்’ என்று எழுதினால் காரம் குறைந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? நான் அப்படித்தான் அந்த அம்மையாரிடம் வாதாடினேன். இன்றைக்குச் சொல்கிறேன், ‘பொய் சொன்னார்’ என்று எழுதும்போது வாசிப்பவர் கண் பொய்யில் போய் நிற்கும், என்ன பொய், எங்கே சொன்னார், ஆதாரம் எங்கே என்று கேட்பார். நீங்கள் பதில் வைத்திருக்கவேண்டும். ‘பொய் சொன்னாள்’ என்று எழுதினால் யாரும் ஆதாரம் கேட்கமாட்டார்கள். உங்களிடமும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கடுமையாக எழுதிவிட்டேன், ம. நீங்கள் இளையவர் என்று கடிதத்தின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன், நியாயம் தெரிந்தவர் என்பது சந்தேகமில்லாமல் தெரிகிறது. இல்லாவிட்டால் இத்தனை வரி உங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன்.

குழுவில் இருப்பதும் வெளியேறுவதும் உங்கள் விருப்பம். போவதாக இருந்தால் அதற்கு முன்னால் ஒன்று செய்துவிட்டுப் போங்கள். நான் அந்த இதழில் ஒரு திருத்தம் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம், நாலு வரிதான், கேட்கவில்லை. அந்த அம்மையார் ஓய்வுபெற்றுப் போகும்வரை அதைப் பற்றி அவரிடம் பேசவும் இல்லை. உங்கள் குழுவில் போன தேர்தலின்போது நீங்கள் எழுதியது மேலே எங்கோ அப்படியே கிடக்கும். தேடி எடுங்கள். ‘அவள்’ என்று எழுதிய இடங்களில் ‘அவர்’ என்று மாற்றி, நீங்களே திருத்துவதாகச் சொல்லி மறுபடியும் போடுங்கள். பொய் சொன்னார் என்பதை மாற்றவேண்டாம், அது உண்மையென்றால் இருக்கட்டும். பக்கத்தில் என்ன பொய் என்று எழுதுங்கள்.