எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்டால் காரின் பிக்கப் கூடுமா?

1.2 லிட்டர் பெட்ரோல் காரில் கம்பெனி கொடுத்த காகித ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, எண்ணெய் தடவி, கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டரைப் போட்டால் பவரும் மைலேஜும் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மைலேஜ் கூடாது. பவரைப் பொறுத்தவரை, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து எஞ்சினை அதன் உச்சச் சுழற்சிக்குக் கொண்டுபோகும் சில நொடிகளில் மட்டும், ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு கூடலாம். என் காரும் 1.2 லிட்டர் பெட்ரோல்தான். ஒன்றரை ஆண்டு பருத்தி ஃபில்டருடன் ஓட்டிவிட்டு மறுபடியும் காகிதத்துக்கே திரும்பியிருக்கிறேன்.

மைலேஜ் ஏன் கூடாது என்பதற்குக் காரணம் எளிது. பெட்ரோல் எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஃபில்டர் அன்று, அதற்கு அப்பால் இருக்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் தகடு. வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது வெளியே காற்றழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல் இருக்க, தகட்டைத் தாண்டி சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு குழாய்க்குள் 30 முதல் 40 வரைதான் இருக்கும். அதாவது 60 கிலோபாஸ்கல் அளவுக்குக் காற்றை மறித்துக்கொண்டு நிற்பது அந்தத் தகடுதான். அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டரின் தடையைச் சற்றுக் குறைத்தாலும், அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் போக எஞ்சினுக்கு அதே அளவு காற்றுதான் வேண்டும் என்பதால், நம் கால் தானாகவே தகட்டை இம்மியளவு மூடிக்கொள்ளும். உள்ளே போன காற்றின் எடைக்கு ஏற்ப, 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கணக்கை ஆக்ஸிஜன் சென்சாரின் துணையோடு எஞ்சினின் கணினியான ஈ.சி.யூ. காத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: எரிபொருளை ஊசி வழியாகச் செலுத்தும் இன்றைய கார்களில் அழுக்கு அடைத்த ஃபில்டரை மாற்றினால்கூட மைலேஜ் கூடுவதில்லை, பிக்கப் மட்டும் 6 முதல் 11 சதவீதம் வரை தேறுகிறது. அடைத்த ஃபில்டருக்கும் புதிய ஃபில்டருக்கும் இடையிலேயே மைலேஜ் வித்தியாசம் இல்லை என்றால், புதிய காகிதத்துக்கும் புதிய பருத்திக்கும் இடையே எங்கிருந்து வரும்? ஊசி முறைக்கு முந்தைய கார்புரேட்டர் வண்டிகளில் நிலைமை வேறு. ஃபில்டர் அடைத்தால் அங்கே காற்றோடு கலக்கும் பெட்ரோலின் பங்கு கூடிவிடும். பழைய மெக்கானிக்குகள் 'ஃபில்டரை மாற்று, மைலேஜ் வரும்' என்று சொன்னது அந்த வண்டிகளுக்குப் பொருந்தும்.

பவரை அளந்து பார்க்க வழி இருக்கிறது, நீங்களும் செய்யலாம். 1.2 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 1.2 லிட்டர் காற்றை இழுக்கிறது என்பதால், 6,000 ஆர்.பி.எம்.மில், அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில், நிமிடத்துக்கு 3,600 லிட்டர் வரை அதற்குத் தேவைப்படும். ஃபில்டரின் தடை உண்மையிலேயே எஞ்சினை உறுத்துவது அந்த இடத்தில்தான். காரின் சென்சார் அளவுகளைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகி, கைப்பேசியில் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, ஆளில்லாத அதிகாலையில் பக்கத்தில் ஒருவரை எண்களைக் குறிக்கச் சொல்லிவிட்டு, இரண்டாம் கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் 5,500 வரை ஏற்றினேன். த்ராட்டில் முழுதாகத் திறந்திருக்கும்போது வெளியழுத்தத்துக்கும் மேனிஃபோல்டு அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே காற்றுப் பாதையின் மொத்தத் தடை. புதிய காகித ஃபில்டரில் 96 கிலோபாஸ்கல் காட்டியது, பருத்தியில் 97. அந்த ஒன்றுதான் நான் விலை கொடுத்து வாங்கியது. பாதி மிதியில், 2,500 ஆர்.பி.எம்.மில், ஊர்ச் சாலையில் ஓட்டும் விதத்தில் பார்த்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஆனாலும் பருத்தி ஃபில்டர் போட்ட முதல் நாள் வண்டி துள்ளுவதுபோலத்தான் எனக்கும் இருந்தது. காரணம் சத்தம். இன்டேக் பாதையில் எழும் இரைச்சலைக் காகித ஃபில்டரும் அதன் பெட்டியும் சேர்ந்து அடக்குகின்றன. அந்தத் தடுப்பு குறைந்தால் மிதிக்கும்போது உறுமல் கேட்கிறது, உறுமலை உடம்பு வேகமாக எடுத்துக்கொள்கிறது. பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டரை பானெட்டுக்குள் திறந்தபடி மாட்டுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். அவர்கள் இழப்பதும் அதிகம்: 30 டிகிரி வெளிக்காற்றுக்குப் பதிலாக எஞ்சினைச் சுற்றியுள்ள 60 டிகிரி காற்றை இழுத்தால் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைகிறது. நம் ஊர் வெயிலில், நெரிசலில் நின்று நகரும்போது பானெட்டுக்குள் அந்தச் சூடு சாதாரணம். ஒரு சதவீதத்தைத் தேடிப் போய் ஒன்பதை இழக்கும் வேலை அது.

தூசிதான் என்னைத் திரும்ப வைத்தது. நான் கரூரிலிருந்து க.பரமத்திப் பக்கம் நாள்தோறும் போய் வருகிறேன். கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த வட்டாரம் அது. டிப்பர் லாரிக்குப் பின்னால் போனால் கண்ணாடியில் வெள்ளை மாவு படியும். எஞ்சினைத் தேய்ப்பதில் மோசமானவை 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள். தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இவை எவ்வளவு நுண்மை என்று பாருங்கள். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்துக்குள் புகுந்து அவை உப்புத்தாள்போல் உரசுகின்றன. ஒரு ஃபில்டர் 99.5 சதவீதத் தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 98 சதவீதம் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிடிக்காமல் விடுவதைக் கணக்கிட்டால் 0.5-க்கு 2, அதாவது நான்கு மடங்கு. அதனால்தான் ஃபில்டரின் அட்டையில் காற்றோட்டத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் போதாது, ஐ.எஸ்.ஓ. 5011 முறையில் சோதித்த தூசி பிடிக்கும் திறனையும் கேட்க வேண்டும் என்கிறேன்.

ஒரு நாள் ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். எண்ணெயோடு குழைந்த சாம்பல் நிறக் கல்மாவு துணியில் வந்தது. கழுவியபின் எண்ணெயைச் சீராகத் தடவாமல் விட்டதும் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தக் கைப்பக்குவத்தை நம்பித்தான் எஞ்சினின் ஆயுள் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால், காற்றளவு சென்சார் உள்ள வண்டிகளில் அதன் மெல்லிய சூட்டுக் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி பந்தயத் தடத்திலோ ஓடும் வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பெரும்பாலான நேரம் ஆக்ஸிலரேட்டர் முழு மிதியில் இருக்கும், எஞ்சினை அடிக்கடி பிரித்துச் சரிசெய்வார்கள், ஒரு சதவீதம் ஒரு இடத்தைப் பெற்றுத் தரலாம். கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், ஈ.சி.யூ. மேப் எல்லாவற்றையும் மாற்றி எஞ்சினின் காற்றுத் தேவையையே கூட்டியவர்களுக்கும் பெரிய ஃபில்டர் அவசியம்தான்.

உங்கள் வண்டி அப்படி மாற்றப்படாதது என்பதால், கம்பெனி காகித ஃபில்டரையே வாங்குங்கள். கையேட்டில் 'தூசி மிகுந்த சாலை' என்று தனியே கொடுத்திருக்கும் கிலோமீட்டர் கணக்கைப் பின்பற்றி மாற்றுங்கள். சர்வீஸில் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி அடித்துப் பழையதையே போட விடாதீர்கள். அந்த வேகத்தில் காகிதம் கிழியலாம், மடிப்பு விரியலாம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. புதியதை மாட்டும்போது பெட்டியின் அடித்தட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ரப்பர் விளிம்பு நான்கு பக்கமும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபின் கிளிப்பைப் பூட்டச் சொல்லுங்கள்.