கரைந்த எனாமலை சூயிங்கம் சரிசெய்யுமா?

கேள்வி: எனக்கு வயது 29. மேல் முன்பற்களின் கெட்டியான மேலுறையான எனாமல் அமிலத்தால் அரிக்கப்பட்டிருப்பதாகப் பல் மருத்துவர் சொன்னார். குளிர்ந்த நீர் பட்டாலே கூசுகிறது. இரண்டு வருடங்களாகக் காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடித்து, உடனே பல் துலக்கி வருகிறேன். சில நாள் எழும்போதே வாய் புளிக்கும். கால்சியம் சேர்த்த, சர்க்கரையில்லாத சூயிங்கம் மென்றால் எனாமல் மறுபடி வளருமா?

பதில்: வளராது. எனாமலை உருவாக்கும் செல்கள், பல் ஈறைவிட்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. அதனால் தோலைப் போலவோ எலும்பைப் போலவோ எனாமலால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. ஆனாலும் சூயிங்கத்தை நான் ஒதுக்கச் சொல்லமாட்டேன்.

எனாமலின் எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும். வாயின் பி.எச். ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் அதிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் வெளியேறத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டியது, நீர் கலந்தாலும் புளிப்பு போதுமான அளவு மிஞ்சும். முதலில் மேற்பரப்பு மெல்லிய அளவில் மிருதுவாகிறது. அந்தப் படலம் இன்னும் பல்லில்தான் இருக்கிறது. உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் திரும்பப் படிந்து, ஓரளவு கெட்டிப்படுத்தும். சூயிங்கம் கைகொடுப்பது இந்தக் கட்டத்தில்தான். மெல்லும்போது உமிழ்நீர் பல மடங்கு சுரக்கிறது. அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் அதில் கூடுகிறது. பாலின் கேசீன் புரதத்தோடு கால்சியம் பாஸ்பேட்டைச் சேர்த்த கம் இதற்குக் கொஞ்சம் கூடுதல் பலம் தரும். பால் புரத ஒவ்வாமை இருந்தால் அதைத் தொட வேண்டாம்.

நீங்களோ அந்த மிருதுவான படலத்தை உடனே பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுகிறீர்கள். உமிழ்நீர் சீர்செய்யத் தொடங்கும் முன்பே அது போய்விடுகிறது. போனது போனதுதான். வெறும் வயிற்றுச் சாற்றை நிறுத்திவிடுங்கள். என்றாவது புளிப்பாகக் குடிக்க நேர்ந்தால் பல் துலக்கிய பிறகு குடியுங்கள். குடித்ததும் வெறும் நீரால் கொப்பளித்து, பிறகு 20 நிமிடம் கம் மெல்லுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு பிரஷ் வேண்டாம். பழச்சுவை கம்மில் சிட்ரிக் அமிலம் சேர்ப்பதுண்டு, அட்டையைப் படித்து வாங்குங்கள். சர்க்கரைக்குப் பதிலாகக் கம்மில் சேர்க்கும் இனிப்புகளான சார்பிட்டால், சைலிட்டால் அதிகமானால் வயிறு உப்பும், பேதியாகும். தாடை மூட்டில் வலியோ 'கடக்' என்ற சத்தமோ இருப்பவர்களுக்கு கம் ஏற்றதல்ல. ஃப்ளோரைடு பேஸ்ட்டைத் துப்பியபின் வாயை நீர்விட்டு அலசாமல் விடுவது கம்மைவிட முக்கியம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது காலைப் புளிப்புதான். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடும். அப்போது இரைப்பை அமிலம் எதுக்களித்து மேலே வந்தால் பல்லுக்குக் காவலே இல்லை. பகலில் எத்தனை கம் மென்றாலும் அந்த நேரத்துக்கு உதவாது. அரிப்பு முன்பற்களின் வெளிப்பக்கமா, நாக்கு படும் உள்பக்கமா என்று பல் மருத்துவரிடம் கேளுங்கள். வெளிப்பக்கம் என்றால் சந்தேகம் எலுமிச்சை மீது. உள்பக்கம் என்றால் இரைப்பை மீது. அப்படியானால் நெஞ்செரிச்சல் இல்லாவிட்டாலும் வயிற்று மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

ஏற்கெனவே எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின் அடுக்கு மஞ்சளாகத் தெரிகிற இடங்களைப் பல் நிறச் சிமென்டால் மூடலாம், கூச்சமும் குறையும். அதற்கு முன் பற்களைப் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டால், அரிப்பு நின்றதா என்று உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்.