நியூ பெட்ஃபர்ட் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்துக்கு எட்டு வயதுப் பிள்ளையை அழைத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். மும்பையிலிருந்து அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் யார் வீட்டுக்கோ லீவுக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும்.

நான் மும்பை செம்பூர்க்காரி. மகளைப் பார்க்கப் போனபோது மாப்பிள்ளை எங்களை அங்கே கூட்டிப்போனார். கூட வந்த சம்பந்தியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். “நாமெல்லாம் சைவம். கொன்னு போட்டதைப் பார்க்க டிக்கெட் வேறயா?” கல்யாணத்தில் காபி ஆறிப்போயிருந்தது என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறவர் அவர். நாற்பது பேர் வருவோம் என்று சொல்லிவிட்டு எழுபது பேரோடு வந்து இறங்கினால் காபி ஆறாமல் என்ன செய்யும்? சரி, அது இங்கே வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே நீலத் திமிங்கில எலும்புக்கூடு தொங்குகிறது. 66 அடி. அதுவும் முழு வளர்ச்சி அடையாத இளசாம்! அது வேட்டையில் சாகவில்லை, 1998ல் கப்பல் மோதிச் செத்தது. அந்த எலும்பிலிருந்து இன்னும் எண்ணெய் கசிகிறது, குடுவை வைத்துப் பிடிக்கிறார்கள்.

அந்த எண்ணெய்க்குத்தான் அத்தனை வேட்டையும். மண்ணெண்ணெய் பரவுவதற்கு முன் விளக்கெரிக்க இதைத்தான் வாங்கினார்கள். அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் பசிபிக் வரை அலைந்து, கப்பல் தளத்திலேயே செங்கல் அடுப்பு கட்டிக் கொழுப்பை உருக்கிப் பீப்பாயில் அடைத்தார்கள். லகோடா என்ற கப்பலைப் பாதி அளவில் கட்டிடத்துக்குள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள், ஏறிப் பார்க்கலாம். பிள்ளைகள் பயப்படுவதில்லை. குத்தீட்டிகளைப் பார்த்து வயிற்றைப் பிசைந்தது எனக்குத்தான்.

வெளிநாட்டுப் பெருமை பேசுகிறாள் என்பவர்கள் பேசிக்கொள்ளட்டும். 2016 ஜனவரியில் எங்கள் மும்பை ஜூஹு கடற்கரையில் திமிங்கிலம் செத்து ஒதுங்கியபோதும் ஓடிப்போய்ப் பார்த்தவள்தான் நான். சுற்றி நின்றவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். “இது மீனா ஆன்ட்டி?” என்று கேட்ட பையனுக்கு, பால் கொடுக்கிற விலங்குப்பா என்று சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. கொலைக்களத்தைக் காட்டுவதாகவே இருக்கட்டும், அந்த அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்கிறார்கள்.

மாலுமிகள் திமிங்கிலப் பல்லில் செதுக்கிய படங்கள் சின்னப் பிள்ளைக்குச் சலித்துவிடும். ஒருவர் கப்பலில் பிள்ளையோடு நின்றுகொண்டு, மற்றவர் போய்ப் பார்த்து வரலாம்.