சிப்பி மண்ணும் ஷார்டனே கொடியும்

கேள்வி: கப்பலில் சமையல் வேலை பார்க்கும் என் அக்கா மகன் பிரான்சிலிருந்து ஷாப்ளி என்ற வெள்ளை ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்தான். ஷார்டனே திராட்சையில் செய்ததாம். அந்தத் தோட்டத்து மண் முழுக்கச் சிப்பி, அதனால்தான் ஒயினில் கடல் வாசம் அடிக்கிறது என்கிறான். எங்கள் கொல்லையிலும் தோண்டினால் சிப்பியும் பவளக்கல்லும்தான். இங்கே அந்தக் கொடியை வைத்தால் வருமா?
வாசகி, மண்டபம்

பதில்: மண்ணைப் பற்றி அவர் சொன்னது சரி சகோதரி, வாசத்துக்குச் சொன்ன காரணம்தான் சரியில்லை. ஷாப்ளி என்பது பிரான்சின் பர்கண்டி பகுதியின் வடகோடியில், செரேன் என்ற சின்ன ஆற்றின் கரையில் இருக்கிற ஊர். அங்கிருந்து கடல் வெகுதூரம். ஆனால் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அந்த நிலமே கடலுக்கடியில் கிடந்தது, அப்போது படிந்த குட்டிச் சிப்பிகள் சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த அந்த மண்ணில் இன்றைக்கும் கையில் அகப்படும். அங்கே முதல் தரம் என்று பெயர் வாங்கிய கிராண்ட் க்ரூ தோட்டம் ஒரே குன்றின் சரிவில் 7 பகுதிகளாக இருக்கிறது, மொத்தமே சுமார் 100 ஹெக்டேர்தான்.

சரி, சிப்பி வாசம் வேர் வழியாகப் பழத்துக்கு ஏறுமா? ஏறாது. நம் பனைமரம் உப்பு மணலில்தானே நிற்கிறது, பதநீர் கரிக்கிறதா? வேர் எடுப்பது தண்ணீரில் கரைந்த தாதுக்களை மட்டும், அதில் ஒயின் வரைக்கும் போய்ச் சேருவது மிகக் கொஞ்சம். பாறையின் தாதுக்களை ஒயினில் ருசிக்க முடியாது என்று அலெக்ஸ் மால்ட்மன் என்ற புவியியல் பேராசிரியர் விரிவாகவே எழுதியிருக்கிறார். மண் செய்கிற வேலை வேறு: சுண்ணாம்பு தண்ணீரை வடியவிடும், களிமண் கொஞ்சம் பிடித்துவைக்கும்.

என்னைக் கேட்டால் அந்த ருசிக்குப் பெரிய காரணம் குளிர்தான். வெயில் அதிகமானால் பழத்தின் புளிப்பு கரைந்துபோகும். அங்கே மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு தங்குகிறது. அதே குளிர் ஏப்ரல் மாதம் துளிரைக் கருக்கிவிடவும் செய்யும், அப்போது விவசாயிகள் ராத்திரி முழுக்கக் கொடி வரிசைகளுக்கு நடுவே நெருப்பு மூட்டிக் காவல் இருப்பார்கள், இல்லையென்றால் துளிர்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடுகிற சூட்டில்தான் பனிக்கட்டிக்குள்ளேயே துளிர் பிழைக்கிறது. எவ்வளவு பாடு பாருங்கள்!

மண்டபத்தில் ஷார்டனே வேண்டாம். அதற்கு இலையுதிர்த்துத் தூங்க ஒரு குளிர்காலம் வேண்டும், நம் உப்புத் தண்ணீர் இலையைக் கருக்கும், பழம் இருக்கிற நேரத்தில் ஐப்பசி மழை பிடித்தால் அழுகிவிடும். நல்ல தண்ணீர் இருந்தால், தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் கவாத்து செய்து பறிக்கிறார்களே அந்தப் பன்னீர் திராட்சையைப் பந்தலில் ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி: 'டிரை' என்று போட்ட வெள்ளை ஒயின் வாங்கினேன். இனிப்பே இல்லை, ஒரே புளிப்பு. கெட்டுப்போனதா?
வாசகர், தொண்டி

பதில்: இல்லை, அது அப்படித்தான் இருக்கும். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுக்கத் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிட்டது, பெரும்பாலும் லிட்டருக்கு 4 கிராம்கூட மிஞ்சாது. வினிகர் நெடி அடித்தால்தான் கெட்டது. முண்டு மிளகாய் அரைத்த மீன் குழம்போடு குடிக்காதீர்கள், காரமும் ஆல்கஹாலும் சேர்ந்து எரியும். உப்பு, மிளகு மட்டும் போட்டு அவித்த நண்டுக்கு இது மிகவும் பொருந்தும்.

கேள்வி: அந்தக் காலத்தில் நம் கடற்கரைக்கு ஒயின் வந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?
வாசகர், தேவிபட்டினம்

பதில்: உண்மைதான். வைகை கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானிய நாணயங்களோடு ஆம்போரா சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. ஒயினும் ஆலிவ் எண்ணெயும் அந்த மாதிரி இரட்டைக் கைப்பிடிச் சாடிகளில்தான் கப்பல் ஏறின. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் பருகியதைச் சங்கப் பாடலும் சொல்கிறது. என்ன திராட்சை என்று கேட்காதீர்கள். இன்றைக்குக் கண்முன்னால் இருக்கிற ஷார்டனேக்கு பினோ, குவே பிளாங்க் என்ற இரண்டு திராட்சை வகைகள்தான் பெற்றோர் என்பதே 1999இல் மரபணுச் சோதனையில்தான் தெரியவந்தது.