641 வரை வந்திருக்கலாமே!

கேள்வி: 4294967297 பகா எண்தானா? 100-க்குள் இருக்கும் எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன். எதில் வகுத்தாலும் மீதி வருகிறது. இதற்கு மேல் பொறுமை இல்லை. பகா எண் என்றே குறித்துக்கொள்ளட்டுமா?

பதில்: குறித்துவிடாதீர்கள். இந்த எண்ணிடம் உங்களுக்கு முன்பே ஏமாந்தவர் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா. 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று போட்டு, வரும் விடையோடு 1 கூட்டிப் பாருங்கள். 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். அடுத்த அடுக்கு 32. அங்கே வருவதுதான் உங்கள் எண். வரிசை முழுக்க இப்படித்தான் போகும் என்று 1640-இல் நம்பினார் மனிதர். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் அதைப் போட்டு உடைத்தார்: 641 × 6700417.

மாணவனாக இருந்தபோது நானும் உங்களைப் போலத்தான் ஆரம்பித்தேன். கால்குலேட்டரில் 8 இலக்கம்தான் பிடிக்கும், இதுவோ 10 இலக்கம். நோட்டின் கடைசிப் பக்கங்களில் கையால் வகுத்து வகுத்து, 211-இல் கைவிட்டேன். அப்படியே போய்ப் பகா எண் என்று உறுதி செய்ய வேண்டுமென்றால் 65536 வரை, மொத்தம் 6542 பகா எண்களைப் பார்த்தாக வேண்டும்! ஆய்லர் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1. இந்தச் சல்லடையில் நிற்பவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே ஆள் அகப்பட்டுவிட்டார்.

வகுக்காமலே சரிபார்க்கலாம். எனக்குப் பிடித்தது இதுதான். 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 625 + 16, அதாவது 5⁴ + 2⁴, அப்புறம் 5 × 128 + 1. முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும் கணக்கில் 16-க்குப் பதில் −625 போடலாம், மீதி மாறாது. 2³² என்பது 16 × 2²⁸. ஆக அது −5⁴ × 2²⁸ ஆகிறது. 2²⁸ என்பது 128⁴ அல்லவா? சேர்த்தால் −640⁴. 640 என்பது 641-க்கு ஒன்று குறைவு, அதனால் அதன் இடத்தில் −1. நான்காம் அடுக்கு 1, முன்னால் கழித்தல் குறி. 2³²-க்கு −1 வந்துவிட்டது; 1 கூட்டினால் மீதி பூஜ்யம். காகிதத்தில் நான்கே வரி.

பக்கத்து வீட்டையும் எட்டிப் பாருங்கள். இரண்டு குறைத்தால் 4294967295. அது 3 × 5 × 17 × 257 × 65537, ஃபெர்மாவின் அந்த ஐந்து பகா எண்களின் பெருக்கல். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையமுடியும் என்று நமக்குத் தெரிந்த, ஒற்றைப்படைப் பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். வரைந்தாலும் வட்டம் போலத்தான் தெரியும், அது வேறு கதை.