மூன்று பந்தும் மேலே போனால் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. பக்கவாதம் வந்து மூன்று மாதமாகிறது. கை, கால் ஓரளவு தேறிவிட்டன. ஆனால் பலமாக இரும முடியவில்லை, நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்துக் கருவியைத் தினமும் ஊதுகிறார். வீட்டுக்கு வரும் ஒருவர், மூச்சுப் பயிற்சி மெஷின் 22 ஆயிரம் ரூபாய் என்கிறார். வாங்கலாமா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். பயிற்சி தேவைதான், அந்த மெஷின் தேவையில்லை.

பக்கவாதம் கை காலோடு நிற்பதில்லை. உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள முக்கிய மூச்சுத் தசை), விலாத் தசை, வயிற்றுத் தசை எல்லாம் தளர்கின்றன. இருமல் வலுவிழந்து சளி உள்ளேயே தங்கினால் நிமோனியா வரும். இவ்வளவு முக்கியமான விஷயத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நெஞ்சு பிசியோதெரபி தொடரவும்' என்று ஒரே வரி! யார் சொல்லித் தருவது, எத்தனை நாள் என்று எதுவும் கிடையாது. கமிஷன்காரர்கள் நுழைவது இந்த ஓட்டை வழியாகத்தான்.

பந்துக் கருவி ஊதுவதற்கில்லை, உறிஞ்சுவதற்கு. அதிலுள்ள 600, 900, 1200 என்ற எண்கள் காற்று போகும் வேகத்தைத்தான் காட்டும். நுரையீரல் விரிய அது உதவும், தசைக்குப் போதிய சுமை தராது. அதற்கு ஸ்பிரிங் வால்வு வைத்த சின்னக் கைக்கருவி இருக்கிறது. போதிய பலத்தோடு இழுத்தால்தான் வால்வு திறக்கும். கரண்டு வேண்டாம், சில ஆயிரத்தில் முடிந்துவிடும். இருமல் பலப்பட, மூச்சை வெளியே தள்ளும் வகையும் உண்டு.

முதலில் அப்பாவின் மூச்சுத் தசை பலத்தை பிசியோதெரபிஸ்ட் அளக்க வேண்டும். வழக்கமாக அதில் 30 சதவீதச் சுமையில் தொடங்கி, தினம் அரை மணி நேரம் ஓய்வு விட்டு விட்டு, வாரம் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் செய்யச் சொல்வோம். இடையிடையே திரும்ப அளந்து சுமையைக் கூட்டுவோம். அளக்காமல் விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

அப்பாவுக்கு வாய் கோணியிருக்கிறதா? அப்படியானால் கவனம். உதடு சரியாக மூடாமல் ஓரத்தில் காற்று கசியும். இழுப்பது அவருக்குச் சுலபமாக இருக்கும், தசைக்கோ வேலையே இருக்காது. நேராக உட்காரவைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, கோணிய பக்கத்து உதட்டையும் கன்னத்தையும் உங்கள் விரலால் சேர்த்துப் பிடியுங்கள். எதிரே கண்ணாடி வையுங்கள், உதடு திறப்பதை அவரே பார்த்துக்கொள்வார். அப்படியும் கசிந்தால் கருவியில் மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி பொருத்திச் செய்யலாம். இதைக் கவனிக்காமல் வாரக்கணக்கில் வீணாக்கிய வீடுகள் நிறைய.

பிபி கட்டுக்குள் இல்லையென்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதென்றால் விழுங்கும் பரிசோதனைதான் முதல் வேலை.

தமிழக அரசு 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், இலவசமாக. வார்டில் யாராவது இதைச் சொல்லியனுப்பினால் என்ன? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.