அமில உணவு, கார உணவு: தினமும் கணக்குப் பார்க்க வேண்டுமா?

அமில உணவுகளைச் சாப்பிட்டால் ரத்தம் அமிலமாகிவிடுமோ என்றுதானே கேட்கிறீர்கள்? ஆகாது. ரத்தத்தின் பிஎச் அளவை (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7.35 முதல் 7.45 வரை நுரையீரலும் சிறுநீரகமும் காத்துக்கொள்கின்றன. உணவால் மாறுவது சிறுநீரின் பிஎச்தான்.

நாக்குச் சுவையை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். எலுமிச்சை புளிக்கும், ஆனால் அதிலுள்ள சிட்ரேட் உடலில் எரிந்தபின் மிஞ்சுவது காரத்தன்மை. (காரம் என்றால் அமிலத்துக்கு எதிரானது, மிளகாய்க் காரம் இல்லை.) இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி, தானியங்கள் அமிலப் பக்கம். புரதத்திலுள்ள கந்தகம் சல்பூரிக் அமிலமாவது ஒரு காரணம். அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டாம், புரதம் அவசியம்.

என்னைக் கேட்டால், தட்டில் பாதி காய்கறி, பழம் இருந்தால் போதும். சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் பழங்களைக் கூட்டாதீர்கள். அவற்றிலுள்ள பொட்டாசியம் என்ற தாது ரத்தத்தில் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து.